நாமும் நடிக்கலாம்

"கூத்தாடவா உன்னைக் காலேஜுக்கு அனுப்பினேன்?"

சென்ற ஆண்டு கல்லூரி விழா நாடகத்தில் சேரப் போகிறேன் என்றதும் என் தந்தையார் கேட்ட கேள்வி இது. நயினார்கோவில் பக்கத்தில் எந்த ஊர்த் திருவிழாவில் 'வள்ளி திருமணம்' நடந்தாலும் விடிய விடிய உட்கார்ந்து பார்ப்பவர் அவர். ஆனால் பார்ப்பது வேறு, பெற்ற பிள்ளை நடிப்பது வேறு! எனக்குப் பதில் தெரியவில்லை. பெயர் கொடுக்காமல் இருந்துவிட்டேன்.

அந்தப் பதில் பம்மல் சம்பந்த முதலியாரின் (1873–1964) 'நாடக மேடை நினைவுகள்' நூலில் கிடைத்தது. இளமையில் அவரும் தமிழ் நாடகத்தை வெறுத்தவர்தாம். பல்லாரியிலிருந்து சென்னைக்கு வந்த தெலுங்கு நாடகக் குழுவினரைக் கண்ட பிறகே மனம் மாறினார். கற்றவர்களும் கௌரவமாக நடிக்கலாம் என்று உணர்ந்து, 1891-ல் நண்பர்களுடன் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. நம்மைப் போல் மாணவர்! வழக்கறிஞர்களும் உத்தியோகஸ்தர்களும் அச்சபையில் வேடமிட்டனர். பின்னாளில் நீதிபதியான பிறகும் அவர் நாடகத்தை விடவில்லை. 1959-ல் அவருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது.

தொழில்முறை நடிகரல்லாதார் நடிப்பதற்கென்றே அவர் எழுதிய நகைச்சுவை நாடகங்களுள் புகழ்பெற்றது 'சபாபதி'. 1941-ல் அது திரைப்படமாகவும் வந்தது. எஜமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர். சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு வேலைக்காரன் செய்யும் குளறுபடிகளுக்கு வயிறு குலுங்கச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் மனம் உறுத்தியது. எழுதப் படிக்கத் தெரியாதவனைத்தானே கேலி செய்கிறோம்? எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பிறகுதான் தோன்றியது: சகல வசதிகளும் இருந்தும் அந்த எஜமானுக்கும் அல்லவா படிப்பு ஏறவில்லை! பணம் அறிவைத் தந்துவிடாது என்பதை யார் மனமும் புண்படாமல் சொல்லிவிடுகிறது அந்த ஒற்றைப் பெயர்.

இத்தகைய நாடகத்துக்குப் பெரிய திரைச்சீலைகள் வேண்டா. மின்விளக்கு ஜாலங்கள் வேண்டா. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மனப்பாடம் செய்யும் பொறுமை, இவை போதும். நம் விழா மேடையிலோ ஆண்டுதோறும் சினிமா வசனங்களையே ஒப்பிக்கிறோம். நடிக்கக் கூசும் கிராமத்து மாணவனுக்கு நாலு பேர் முன் வாய் திறந்து பேசும் தைரியத்தை அது தருமா? பேராசிரியப் பெருமக்கள் சிந்திக்க வேண்டும்.

இவ்வாண்டு நான் பெயர் கொடுத்துவிட்டேன். தந்தையாரையும் விழாவுக்கு அழைத்திருக்கிறேன். என்ன நாடகம், யார் நடிக்கிறார்கள் என்பதை மட்டும் இன்னும் சொல்லவில்லை!