படகு எந்தத் தெரு வழியா வரும்?

2004 டிசம்பர் 25. கீழ்வெண்மணியில் அஞ்சலி செலுத்திவிட்டு இரவு பஸ்ஸில் ஊர் திரும்பினேன். மறுநாள் காலை கடல் உள்ளே வந்துவிட்டது. 29ஆம் தேதி மறுபடியும் நாகை மாவட்டத்தில் நின்றேன். 1968-ல் நாற்பத்து நான்கு பேரைக் கொளுத்திய அதே மண். இந்த முறை பிணங்களை எண்ணி முடியவில்லை. கடைசியில் அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல் என்றார்கள்.

ராணுவ லாரிகள் வரிசையாக நின்றன. சிப்பாய்கள் முகமூடியும் கையுறையும் போட்டு இடிபாடுகளை அகற்றிக்கொண்டிருந்தார்கள். பத்தடி தள்ளி, வெளியூர் நகராட்சிகளிலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுவரப்பட்ட துப்புரவுத் தொழிலாளிகள் வெறுங்கையால் பிணம் தூக்கினார்கள். கையுறை கேட்ட ஒரு அண்ணனிடம் மேற்பார்வையாளர் சொன்னார்: "உங்களுக்கென்னப்பா, பழக்கந்தானே." பேரிடரிலும் வேலைப் பிரிவினை மாறவில்லை.

சிப்பாயைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கார் நிக்கோபார் விமானப்படைத் தளத்தில் வீரர்களும் குடும்பத்தாருமாக நூறு பேருக்கு மேல் இழந்த பிறகும் அங்கிருந்து விமானங்கள் பறந்தன. கூரைமேல் நிற்கிறவனைத் தூக்கும்போது எந்தச் சிப்பாயும் சாதி கேட்டதாக நான் பார்க்கவில்லை. நம் தோழர்களில் ஒரு சாரார் "ராணுவம்னாலே ஒடுக்குமுறைதான், அவன் கை நமக்கு வேணாம்" என்கிறார்கள். காஷ்மீரையும் மணிப்பூரையும் மறக்கச் சொல்ல நான் யார்? ஆனால் கழுத்தளவு தண்ணீரில் நிற்கிற அம்மாவிடம் போய் இந்தக் கோட்பாட்டைப் பேச முடியாது. இன்னொரு சாரார் "ராணுவம் வந்தா சாதி பாக்காது" என்று நிம்மதி அடைகிறார்கள். எனக்குச் சண்டை இவர்களோடுதான்.

ராணுவம் தானாக வருவதில்லை. சிவில் நிர்வாகம் கேட்டால் வருகிறது. நிர்வாகத்தால் சமாளிக்க முடியாதபோது கடைசியாகக் கூப்பிடு, வேலை முடிந்ததும் முதலில் திருப்பி அனுப்பு என்பதுதான் நெறிமுறை. வந்திறங்கும் அதிகாரிக்கு ஊர் தெரியாது, பாஷை தெரியாது. எங்கே போகணும், எத்தனை பேர், எந்த வழி என்று கேட்கிறார். கலெக்டர் ஆபீஸ் தாசில்தாரைக் கேட்கும், தாசில்தார் வி.ஏ.ஓ.வைக் கேட்பார், வி.ஏ.ஓ. யாரைக் கேட்பார்? ஊர்ப் பெரியதனக்காரரை. அவர் விரல் காட்டுகிற திசையில் படகு போகும். சிப்பாய் சாதி பார்க்க வேண்டியதே இல்லை. அவன் கையில் இருக்கிற வரைபடம் ஏற்கெனவே பார்த்துவிட்டது.

சுனாமியில் இதுதான் நடந்தது. மீனவ மக்களின் இழப்பைக் குறைத்துப் பேச நமக்கு வாய் வராது. ஆனால் மீன் கூடை சுமந்தவர்கள், உப்பளத்தில் கூலி வேலை செய்தவர்கள், உப்பேறிப்போன வயலில் நடவு நட்டவர்கள் "பாதிக்கப்பட்டோர்" பட்டியலில் வரவில்லை. படகு போனால் கணக்கு, கூலி போனால் கணக்கில்லை. முகாமிலிருந்து தலித்துகள் துரத்தப்பட்ட சேதிகள் அப்போதே வெளிவந்தன. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் பார்த்தோம்: சென்னைக்குப் படகும் ஹெலிகாப்டரும் வந்தன, தண்ணீர் வடிந்ததும் சேறு அள்ள மற்ற மாவட்டங்களிலிருந்து நம்மாளுங்களை ஏற்றி வந்தார்கள்.

ஆகவே நம் கேள்வி ராணுவம் வரும் நாளைப் பற்றியது அல்ல, அதற்கு முந்தைய மாதங்களைப் பற்றியது. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-ல் வந்தது. மாவட்டத்துக்கு ஓர் ஆணையம், கலெக்டர் தலைவர், ஆண்டுதோறும் திருத்தவேண்டிய மாவட்டத் திட்டம் என்றெல்லாம் அதில் இருக்கிறது. இதே சட்டத்தின் 61ஆம் பிரிவு, நிவாரணத்திலும் இழப்பீட்டிலும் சாதி, பால், மதம் பார்த்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. நம்மில் எத்தனை பேர் அந்தப் பிரிவைப் படித்திருக்கிறோம்? தேசியப் பேரிடர் மீட்புப் படையின் ஒரு பட்டாலியன் அரக்கோணத்திலேயே இருக்கிறது. ஒத்திகை நடத்துகிறார்கள். கயிறு கட்டவும் படகு தள்ளவும் சேரி இளைஞர்களை அந்த ஒத்திகையில் யார் சேர்த்தார்கள்? அம்பேத்கர் ராணுவத்தை ஒதுக்கவில்லை, மகர்களுக்கு மூடிய கதவைத் திறக்கப் போராடினார். 1941-ல் மகர் ரெஜிமென்ட் வந்தது. அவர் அப்பாவே சுபேதார். உள்ளே போய் உட்கார்ந்து கேட்கிற பாடம் நமக்குப் புதுசு இல்லை.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். அதற்குள் ஒவ்வொரு மாவட்டத்திலும் இரண்டு தோழர்கள் கலெக்டர் ஆபீசுக்குப் போங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மாவட்டத் திட்டத்தின் நகலைக் கேளுங்கள். உங்கள் சேரியின் பெயர் அதில் இருக்கிறதா, தங்கவைக்கும் இடமென்று எந்தக் கட்டடம் எழுதியிருக்கிறது, அது ஊர்த்தெருவுக்குள் இருக்கிறதா, அங்கே நம் பெண்கள் ராத்திரி தங்க முடியுமா, பிணம் அகற்றவும் சேறு அள்ளவும் போகிறவர்களுக்குக் கையுறை, பூட்ஸ், தடுப்பூசி, கூலி என்று ஒரு வரியாவது உண்டா பாருங்கள். பார்த்ததை அப்படியே எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் மாவட்டவாரியாகப் போடுகிறோம்.