குள்ள மீனுக்குக் கறுப்பு நீர்

வீட்டில் மீன் வளர்க்கும் ஆசை பெரும்பாலும் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் ஆரம்பமாகிறது. முதலில் தங்கமீன் இரண்டு வரும். பிறகு கிண்ணம் தொட்டியாகும். தொட்டியில் கப்பியும் மோலியும் குடியேறிப் பல்கிப் பெருகும். இரண்டு வருஷம் கழிந்ததும், ஊரார் வீட்டிலெல்லாம் இருப்பது நம் வீட்டிலும் இருப்பதில் என்ன விசேஷம் என்ற எண்ணம் மெல்லத் தலைதூக்கும். கிடைக்காத மீன் எது என்று விசாரிக்கத் தொடங்குவோம். அந்த விசாரணை கொண்டுபோய் விடும் இடங்களில் ஒன்றுதான் குள்ளச் சிக்லிட். இவ்வாரம் அதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

சிக்லிட் என்ற பெயர் நேயர்களுக்குப் புதிதாயிருக்கலாம். அந்தக் குடும்பம் புதிதன்று. ஆப்பிரிக்காவிலிருந்து 1952-ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்து, இன்று ஏரி குளங்களையெல்லாம் தன் சொத்தாக்கிக்கொண்ட ஜிலேபிக் கெண்டை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. மலையாள நாட்டார் விருந்தில் முதலிடம் கொடுக்கும் கரிமீனும் அதே குடும்பந்தான். நம் தேசத்துக்கே உரிய சிக்லிட் இனங்கள் மூன்றே மூன்று. அவற்றுள் கரிமீன் ஒன்று. இந்தப் பெரிய குடும்பத்தின் கடைக்குட்டிகள் தென்னமெரிக்காவில் இருக்கிறார்கள். அவர்களுள் முக்கியமான கிளைக்கு அபிஸ்டோகிராமா என்று பெயர். ஆங்கில அறிஞர் ரீகன் 1913-இல் அந்தக் கிளையைத் தனியே வகுத்தார். இன்று அதில் தொண்ணூறுக்கு மேற்பட்ட இனங்கள் எண்ணப்பட்டிருக்கின்றன. பெரும்பாலானவற்றில் ஆண் ஒரு விரல் நீளம். பெண் அதிலும் சிறியது. உருவத்துக்குச் சற்றும் பொருந்தாத ரோஷமும், குஞ்சுகளைக் கட்டிக் காக்கும் அக்கறையும் இவற்றின் சிறப்பு.

இம்மீன்களில் பல வாழும் நீரை நாம் பார்த்தால், 'இதிலா மீன் பிழைக்கும்?' என்றுதான் கேட்போம். ரியோ நீக்ரோ என்றால் கரிய ஆறு என்று பொருள். காட்டு இலைகள் உதிர்ந்து ஊறி ஊறி, பால் சேராத தேயிலை நீரைப் போன்ற நிறம் அந்த ஆற்றுக்கு உண்டாகியிருக்கிறது. ஆல்பிரெட் ரஸ்ஸல் வாலஸ் என்ற இயற்கை அறிஞர் 1850 முதல் 1852 வரை அப்பிரதேசத்தில் அலைந்து மீன்களைச் சித்திரம் வரைந்தார். அவர் ஊர் திரும்பிய கப்பல் நடுக்கடலில் தீப்பற்றி எரிந்தது. சேகரித்த பொருள்களில் பெரும்பகுதி போயிற்று. ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்த மீன் சித்திரங்கள் தப்பின. அந்தக் கரிய நீரில் சுண்ணாம்புச் சத்து ஏறக்குறைய இல்லை. புளிப்போ மிகுதி. அமிலமுமின்றிக் காரமுமின்றி இருக்கும் நீருக்கு 7 என்று கணக்கு வைத்தால், அங்கே 4 அல்லது 5 தான் இருக்கும். கணக்கில் ஒன்று குறைந்தால் அமிலம் பத்து மடங்கு ஏறிற்று என்று அர்த்தம். சென்னையில் பல வீடுகளின் குழாய்க் கிணற்று நீர் இதற்கு நேர் விரோதம். ஆகவே, மீனை வாங்கிவிட்டோம் என்பதனால் மட்டும் அது நம்முடையதாகி விடுவதில்லை.

ஓர் உதாரணம் சொல்லுகிறோம். பெரு நாட்டில், உகயாலி ஆற்றின் கீழ்ப்பகுதியில், ஹெனாரோ ஹெரேரா என்ற ஊரை அடுத்த கறுப்பு நீர் ஓடைகளில் ஓர் இனம் இருக்கிறது. ஸ்வீடன் தேசத்து அறிஞர் குல்லாண்டர் 1979-இல் அதை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். டச்சு அறிஞர் நைஸன் என்பவரின் பெயரைத் தழுவி அதற்கு 'நைஸனி' என்று பெயரிட்டார். ஆண் நீலச் சாயல் கொண்டது. அதன் வட்ட வாலின் ஓரத்தில் சிவப்புக் கரை. பெண்ணோ, குஞ்சு காக்கும் காலத்தில் மஞ்சளாக மாறி, கறுப்புத் திட்டுகளுடன் பாண்டாக் கரடியைப் போலக் காட்சி தரும். அதனால் வியாபாரிகள் இதைப் 'பாண்டா' என்றே அழைக்கிறார்கள். பார்த்தவர் மனம் பறிகொடுப்பர். ஆனால் அமில நீர் இல்லாவிட்டால் முட்டை பொரியாது. பொரியாத முட்டையை வருஷக்கணக்காக எண்ணிக்கொண்டிருக்கும் அன்பர்கள் எத்தனையோ பேர்.

இப்படிப்பட்ட மீன் ஏன் கிடைப்பதில்லை? காரணங்கள் மூன்று. பிறந்த இடம் சிறியது, தொலைவிலும் உள்ளது, இது முதலாவது. இரண்டாவது, ஆணுக்குத்தான் பட்டாடை. பெண்ணோ மற்ற நாளில் எளிய மங்கல் நிறத்தாள். விலை கொடுப்பவர் கண் ஆணின்மேலேயே விழுவதால், தரகர்களும் ஆண்களையே மிகுதியாக அனுப்புகிறார்கள். பத்து ஆண்கள் பளபளக்கும் தொட்டியில் ஒரு பெண்ணைத் தேடுவது சிரமமான காரியம். மூன்றாவது காரணம்தான் முக்கியமானது: வாங்கியவர்களில் பெரும்பாலோர் வம்சம் வளர்ப்பதில்லை. ஒரு ஜோடி வந்தால் ஒரு ஜோடியோடு போய்விடுகிறது.

ஆகையால் படிப்படியாக ஏற வேண்டும் என்பது நமது யோசனை. முதலில் 'காகட்டுவாய்டிஸ்' என்னும் கொண்டைக்கார இனத்தை வளர்த்துப் பார்க்கலாம். முதுகுத் துடுப்பின் முன்முட்கள் காகட்டூக் கிளியின் கொண்டைபோல் எழுந்து நிற்பதால் அந்தப் பெயர். ஓரளவு கடின நீரையும் அது பொறுத்துக் கொள்ளும். அது குஞ்சு பொரித்து வளர்ந்த பிறகு 'அகாஸிஸி'. அதிலும் வெற்றி கண்டபின் 'நைஸனி'. மாடிப்படியில் முதற்படியைத் தாண்டிக் குதிப்பவர் கால் முறிவதே வழக்கம்.

வாங்கும்போது கடைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். ஆற்றில் பிடித்ததா, தொட்டியில் பிறந்ததா? எந்த ஆறு, எந்த ஓடை? இப்போது என்ன தின்கிறது? மூன்றாவது கேள்விக்கு வாய்மொழி விடை போதாது. நம் கண்முன் தின்னச் சொல்லிப் பார்க்க வேண்டும். வயிறு ஒட்டிய மீன், மூலையில் ஒதுங்கிய மீன், வெண்ணிற இழைபோல் கழிவு தொங்கும் மீன் இவற்றை இனாமாகக் கொடுத்தாலும் வாங்கலாகாது. சிறு மீன் மிதமிஞ்சிப் பளபளத்தால் அதுவும் சந்தேகத்துக்கு இடம். நிறம் ஏறுவதற்கென்று ஹார்மோன் கொடுக்கும் வழக்கம் இவ்வியாபாரத்தில் உண்டு. வந்த மீனை நாலு வாரம் தனித் தொட்டியில் வைத்த பிறகே மற்றவற்றோடு சேர்க்கலாம்.

வெகுதூரம் பையில் பிரயாணம் செய்து வந்த மீனைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பைக்குள் மீனின் கழிவும் சேர்ந்திருக்கும், அதன் மூச்சுக் காற்றும் கரைந்திருக்கும். மூச்சுக் காற்றினால் நீர் அமிலமாவதால் கழிவிலுள்ள அமோனியாவின் விஷம் அடங்கிக் கிடக்கிறது. பையைத் திறந்ததும் காற்று வெளியேற, அமிலம் குறைந்து, அடங்கிய விஷம் எழுகிறது. ஆகவே மூடிய பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்திய பின், திறந்து தாமதிக்காமல் மீனை வலையில் எடுத்து விடுவதே நல்லது. பை நீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. இதற்குத் தொட்டி நீரும் முன்கூட்டியே மீனுக்கு ஏற்றதாயிருக்க வேண்டும்.

இனி நீரைப் பற்றி. பாதாம் மரம் என்று நாம் சொல்லும் நாட்டு வாதுமையின் காய்ந்த இலையை உலகெங்கும் மீன் வளர்ப்போர் விலை கொடுத்து வாங்குகிறார்கள். நம் வீதியிலோ அதைக் கூட்டித் தள்ளுகிறோம்! தானே உதிர்ந்த, மருந்து படாத இலையைக் கழுவிப் போட்டால் நீர் தேயிலை நிறம் பெறும். மீனும் அச்சம் தெளியும். ஆனால் இலை போட்டாலே கறுப்பு நீர் வந்துவிட்டது என்று நினைப்பது தவறு. கடின நீரில் இலை நிறத்தைத்தான் கொடுக்கும், சுண்ணாம்பை நீக்காது. அதற்கு மழை நீர் வேண்டும். அல்லது இயந்திரத்தில் வடிகட்டிய உப்பற்ற நீர் வேண்டும். முதல் மழை மாடியைக் கழுவிப் போன பிறகு பிடித்த மழை நீர் இம்மீன்களுக்கு அமிர்தம். அதில் வீட்டு நீரைச் சிறிதளவு கலந்து, அளவுத் தாளால் சோதித்து, மெல்ல மெல்ல மாற்ற வேண்டும். மீன் புளிப்பைத் தாங்கும். திடீர் மாறுதலைத் தாங்காது.

ஒரு ஜோடிக்கு 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம் போதும்; 54 லிட்டர் கொள்ளும். மீன் வருமுன் சில வாரங்கள் தொட்டியை ஓடவிட்டு, கழிவை மாற்றும் நுண்ணுயிர்கள் பஞ்சு வடிகட்டியில் குடியேற இடம் தர வேண்டும். அடியில் மென்மணல் அவசியம்; இம்மீன்கள் மணலை வாயில் அள்ளிச் சலித்துத்தான் இரை பொறுக்கும். வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை, அதே தன்மையுள்ள நீரால் மாற்ற வேண்டும். குகைக்குக் கடைச்சரக்கு ஒன்றும் வேண்டாம். ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து, பெண் மட்டும் நுழையும் அளவுக்கு விளிம்பில் ஒரு வாசல் செய்தால் மாளிகை தயார்.

அந்த மாளிகையின் கூரையில்தான் முட்டை ஒட்டப்படும். அன்று முதல் பெண்ணின் ஆட்சி. தன்னைவிடப் பெரிய கணவனையும் வாசலுக்கு அப்பால் விரட்டி அடிக்கும். ஆண் ஒளிந்துகொள்ளச் செடியும் வேரும் இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து. இரண்டு மூன்று நாளில் முட்டை பொரியும். மேலும் சில நாளில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும். தாய் முன்னே செல்ல, புகைபோன்ற அந்தக் கூட்டம் பின்னே செல்லும். அப்போது புதிதாய்ப் பொரித்த ஆர்டீமியாவைத் தினம் இரண்டு மூன்று வேளை கொடுக்க வேண்டும். அதற்கு ஏற்பாடு செய்யாமல் குஞ்சு வேண்டுமென்று ஆசைப்படுவது வீண்.

இங்கே ஓர் ஆச்சரியம். இவ்வினங்கள் பலவற்றில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை நீரின் வெப்பமும் அமிலமும் பாதிக்கின்றன. ரோமர், பைஸன்ஹெர்ஸ் என்ற ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் இருவர் 1996-இல் இதை வெளியிட்டார்கள். வெப்பம் மிகுந்தால் ஆண்கள் மிகும். நம் ஊர்க் கோடையில் பிறக்கும் கூட்டத்தில் பெண்கள் அரிதாக இருந்தால் வியப்பதற்கில்லை. வம்சம் நிலைக்க வேண்டுமானால் மார்கழி, தை மாதங்களில் இனப்பெருக்கம் நடக்கட்டும்.

ஆற்றில் பிடித்த மீனை வாங்குவது பாவமா என்று சிலர் கேட்கிறார்கள். ரியோ நீக்ரோக் கரையில் பார்ஸெலோஸ் என்ற ஊரைச் சுற்றி, சிறு மீன்களைக் கைவலையில் பிடித்து ஜீவனம் செய்யும் குடும்பங்கள் உண்டு. மீன் விலை போகுமட்டும் காடு நிற்பதில் அவர்களுக்கு நன்மை இருக்கிறது. அந்த ஜீவனத்தை அலட்சியமாக ஒதுக்க நாம் தயாராயில்லை. ஆனால் சில ஓடைகளில் மட்டும் வாழும் இனத்தை, வாங்கி வாங்கிச் சாகவிடுவது வேறு. அப்படி வாங்கினால் வம்சம் வளர்த்துப் பிறருக்குக் கொடுக்கும் கடமையும் சேர்ந்து வருகிறது. சென்னைக் கொளத்தூரில் வீடுதோறும் வண்ண மீன் பெருக்கும் கைத்திறமை இருக்கிறது. அங்கே இவ்வினங்களுக்கும் ஓர் இடம் வாய்த்தால் கடலைத் தாண்டிப் பையில் வர வேண்டிய மீன்கள் குறையும்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. ஓர் ஆற்றின் மீனை வேறோர் ஆற்றின் மீனோடு கலக்க வேண்டாம். பிறந்த இடத்தின் பெயரை எழுதி வைத்து, கொடுக்கும்போது பெயரையும் சேர்த்துக் கொடுங்கள். மிகுந்துபோன குஞ்சுகளைக் குளத்தில் விடும் தர்மம் மட்டும் ஒருபோதும் வேண்டாம். ஜிலேபியும், தொட்டியில் பாசி தின்னும் சக்கர் மீனும் நம் நீர்நிலைகளில் செய்துவரும் அட்டகாசம் போதும்.

கிடைக்காத மீனைத் தேடிப் பிடிப்பது பணமுள்ளவர் எவருக்கும் கைகூடும். கிடைக்காத மீனைக் கிடைக்கும் மீனாக ஆக்குவதற்குப் பணம் போதாது. ஒரு குடம் மழை நீரும், ஒரு பிடி வாதுமை இலையும், ஒரு கொட்டாங்கச்சியும், தினந்தோறும் தவறாத கவனமும் வேண்டும். இவை நம் வீடுகளுக்கு எட்டாதவை அல்ல என்பது நமது நம்பிக்கை.