பட எழுத்தும் பொருளும்

உள்ளத்தில் உள்ளதைப் பிறர்க்கு உணர்த்த மனிதன் கையாளும் வழிகள் பல. சொல் ஒரு வழி. முகம் ஒரு வழி. கையசைவு ஒரு வழி. நேரில் நின்று பேசுங்கால் இம்மூன்றும் ஒருங்கே துணை நிற்கின்றன. 'நன்று' என்னும் ஒரே சொல், புன்னகையோடு வரும்போது பாராட்டாகின்றது. சுருங்கிய புருவத்தோடு வரும்போது கண்டிப்பாகின்றது. எழுத்திலோ சொல் மட்டுமே செல்கின்றது. முகம் பின்தங்கி விடுகின்றது. இக்குறையை நீக்கவே, கைப்பேசியில் செய்தி எழுதும் இக்காலத்தார் 'எமோஜி' என்னும் பட எழுத்துகளைத் துணைக்கொண்டுள்ளனர்.

எமோஜி என்பது ஜப்பானியச் சொல். 'எ' என்றால் படம். 'மோஜி' என்றால் எழுத்து. 1999ஆம் ஆண்டில், ஜப்பானியத் தொலைபேசி நிறுவனம் ஒன்றிற்காக, சிகேதாகா குரிதா என்பார் 176 சிறு படங்களை அமைத்தார். ஒவ்வொரு படமும் நீளத்தில் 12, அகலத்தில் 12 புள்ளிகளுக்குள் அடங்கியது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் கணினியில் எண் வகுத்துத் தரும் தொகுதி யூனிகோடு என்பதாகும். 2010ஆம் ஆண்டில் பட எழுத்துகள் பலவும் அதில் இடம் பெற்றன. பின்னர் உலகெங்கும் விரைந்து பரவின. 2015ஆம் ஆண்டில், கண்ணீர் வரச் சிரிக்கும் முகத்தை, அவ்வாண்டிற்குரிய சொல்லாக ஆக்ஸ்போர்டு அகராதியார் தேர்ந்தெடுத்தனர். ஒலியே இல்லாத ஒன்று சொல்லாக மதிக்கப்பெற்றது!

இவ்வளர்ச்சியைக் கண்ட சிலர், 'உலகத்தார் அனைவர்க்கும் பொதுவான மொழி பிறந்துவிட்டது. இனி மொழிபெயர்ப்பே வேண்டா' என்று மகிழ்கின்றனர். அழுகையும் நகையும் எல்லா நாட்டார்க்கும் ஒன்றே அன்றோ என்பது அவர் வாதம். இக்கருத்துக் கேட்பதற்கு இனிது. ஆயினும் ஆராய்ந்து பார்ப்பின் நில்லாது.

முதலில் முகத்தையே எடுத்துக்கொள்வோம். 1982ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேராசிரியர் ஸ்காட் பால்மன், முக்காற்புள்ளி, சிறு கோடு, பிறை அடைப்பு ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து இட்டு, பக்கவாட்டில் நோக்கினால் சிரிக்கும் முகமாகத் தோன்றும் குறியைக் காட்டினார். அதில் சிரிப்பது வாய். கண்கள் வெறும் புள்ளிகளே. ஜப்பானியர் ஆக்கிக்கொண்ட குறியிலோ சிரிப்பவை கண்கள். வாய் நேர்கோடாகவே நிற்கும். இரு நாட்டாரையும் ஒப்பிட்டு 2007ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்றில், பிறர் உணர்ச்சியை அறிய ஜப்பானியர் கண்களையும், அமெரிக்கர் வாயையும் மிகுதியாக நோக்குவதாகக் கண்டனர். உணர்ச்சியை அடக்கிப் பழகும் மக்களிடையே வாய் எளிதில் மறைக்கும். கண் அத்துணை எளிதில் மறைக்காது. ஆதலின் அங்கே கண்ணுக்கு மதிப்பு மிகுந்தது என்பது ஆய்வாளர் கூறும் காரணம்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டு என்றார். பெருமிதம் அவற்றுள் ஒன்று, வெகுளி மற்றொன்று. இவ்விரண்டும் வேறு வேறானவை என்பதை யாவரும் அறிவர். ஆனால், மூக்கிலிருந்து ஆவி சீறும் முகம் ஒன்று பட எழுத்துகளில் உண்டு. அதற்கு யூனிகோடு இட்ட பெயர் வெற்றிப் பெருமிதத்தைக் குறிப்பது. ஜப்பானியப் படக்கதைகளின் மரபு அது. அம்மரபை அறியாத நாட்டாரோ அதனை வெகுளிக் குறியாகவே கொள்கின்றனர். ஒருவன் பெருமிதத்தோடு அனுப்பியது மற்றொருவனிடம் சினமாய்ச் சென்று சேர்கின்றது.

மாணவர்களுக்கு உரிய குறி ஒன்றும் உண்டு. ஜப்பானியப் பள்ளிகளில், நன்றாகச் செய்த பாடத்தின்மீது 'மிக நன்று' என்னும் பொருள்பட ஆசிரியர் மலர் முத்திரை இடுவது வழக்கம். அம்முத்திரையும் பட எழுத்தாயிற்று. பிறர்க்கு அது வெறும் வெள்ளைப் பூவே! கைகளை நிலத்தில் ஊன்றித் தலை தாழ்த்தும் மனிதனின் படம், அந்நாட்டார்க்கு மன்னிப்பு வேண்டும் குறி. அவ்வழக்கம் அறியாதார்க்கு அவன் உடற்பயிற்சி செய்பவனாகத் தோன்றுகின்றான். வருந்தி அனுப்பிய குறியை விளையாட்டென்று கொண்டால் நட்பு என்னாகும்?

ஒரே நாட்டினருள்ளும் இவ்வேறுபாடு உண்டு. சீன நாட்டில் மூத்தோர் அன்போடு அனுப்பும் மெல்லிய புன்னகை முகத்தை, இளையோர் பலர் ஏளனமாகவோ வெறுப்பாகவோ கொள்கின்றனர். கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலத்தில், 2021ஆம் ஆண்டில் தானிய வணிக நிறுவனம் ஒன்று, ஆளி விதை வாங்குவதற்கான ஒப்பந்தத்தின் படத்தை உழவர் ஒருவர்க்கு அனுப்பி உறுதிப்படுத்துமாறு கேட்டது. அவர் உயர்த்திய கட்டைவிரலை விடையாக அனுப்பினார். 'செய்தி கிடைத்தது என்பதே என் கருத்து' என்றார் உழவர். 'ஒப்பினீர் என்பதே பொருள்' என்றது நிறுவனம். அவர்களிடையே முன்பு நடந்த ஒப்பந்தங்களில் சுருங்கிய விடைகளே சம்மதமாக வழங்கியமையை ஆராய்ந்த நீதிமன்றம், 2023ஆம் ஆண்டில், உழவர் 82,000 கனடிய டாலருக்கு மேல் இழப்பீடு தரவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. 2024இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது.

இவற்றால் அறியத் தக்கது யாது? குறியின் பொருள் படத்தில் இல்லை. அதனை வழங்கும் மக்களின் பழக்கத்தில் உள்ளது. சொல்லுக்குப் பொருள் மரபால் அமைவதுபோலவே படத்திற்கும் அமைகின்றது. சொல்லை அறியோமாயின், அறியோம் என்பதை உணர்ந்து பிறரைக் கேட்கின்றோம். படத்தையோ கண்டவுடனே அறிந்துவிட்டதாக எண்ணிக் கேளாது விடுகின்றோம். படத்தால் விளையும் பிழை பெரிதாவது இதனாலேயே.

அங்ஙனமாயின் பட எழுத்தை ஒதுக்கிவிடலாமோ? வேண்டா. வறண்ட செய்திக்கு அது ஈரம் ஊட்டுகின்றது. நண்பரிடையே நகைச்சுவையை வளர்க்கின்றது. உணவுக்கு உப்புப்போல அளவோடு நிற்கும்வரை அது நன்றே. ஆனால், மன்னிப்பு வேண்டும்போதும், இரங்கல் தெரிவிக்கும்போதும், வாக்குறுதி அளிக்கும்போதும் தெளிந்த சொல்லையே எழுதுதல் வேண்டும். அயல்நாட்டாரோ மூத்தோரோ அனுப்பிய குறி மனத்தைச் சுடுமாயின், சினம் கொள்ளுமுன் 'தாங்கள் கருதியது யாது?' என்று பணிவோடு கேட்டல் வேண்டும். ஒரு வினா எழுதச் சிறு பொழுது போதும். முறிந்த நட்பைத் திரும்பப் பெற நெடுநாள் ஆகும். இதனை உளங்கொண்டு, பிறர் குறிப்பைப் பிறர் நிலையில் நின்று அறிய முயல்வோமாக.