ஸ்டெப்னி குண்டாயிடுச்சு... கதவு தாங்குமா?

கிரீஸ் கறை: வாராவாரம் ஒரு மெஷின் மேட்டர்



காலேஜ் பார்க்கிங்ல ஒரு தார் வந்து நின்னா, அதைச் சுத்திப் பத்து பேர் நிக்கிறது ஊரறிஞ்ச விஷயம். முதல் பேச்சு இன்ஜினைப் பத்தி. ரெண்டாவது பேச்சு டயரைப் பத்தி. 'மச்சி, இன்னும் ஒரு சைஸ் பெருசா போட்டா செமயா இருக்கும்ல?'

இருக்கும்தான். ஆனா நாலு டயரை மாத்தினா, அஞ்சாவதா இருக்கிற ஸ்டெப்னியையும் மாத்தணும். தார், ஜிம்னி, கூர்க்கானு எதை எடுத்தாலும் அந்த ஸ்டெப்னி தொங்குறது பின்கதவுல. அந்தக் கதவுகிட்ட யாராவது பர்மிஷன் கேட்டீங்களா? இந்த வார மேட்டர் அதுதான்.

அந்தக் கால ஜீப் சொல்ற பாடம்

இரண்டாம் உலகப் போர்ல ஓடின வில்லிஸ் எம்.பி. ஜீப்புக்குப் பின்பக்கம் கதவே கிடையாது. அசையாத தகடு. ஸ்டெப்னியை அதுலதான் மாட்டியிருந்தாங்க. 1945-ல பொதுமக்களுக்காக வந்த சி.ஜே.-2ஏ ஜீப்புக்குப் பின்னாடி திறக்கிற கதவு வெச்சாங்க. உடனே ஸ்டெப்னியைக் கழட்டிப் பக்கவாட்டுல மாட்டிட்டாங்க.

திறந்து மூடுற கதவும் கனமான சக்கரமும் ஒரே இடத்துல இருந்தா இன்ஜினீயருக்குத் தலைவலி. இன்னிக்கு வண்டிகள்ல அந்தத் தலைவலிக்கு மருந்து போட்டுத்தான் அனுப்புறாங்க. ஆனா அந்த மருந்தோட டோஸ், கம்பெனி கொடுத்த டயருக்குக் கணக்குப் போட்டது. நீங்க டயரை மாத்தினா டோஸ் பத்தாது.

கொஞ்சூண்டு கணக்கு

கால்குலேட்டரைத் தேடாதீங்க பாஸ், சின்னக் கணக்குதான்.

2020-ல வந்த தார்ல 18 இன்ச் அலாய் வீலுக்கு 255/65 ஆர்18 டயர். குறுக்களவு சுமார் 789 மில்லிமீட்டர். அதை 285/65 ஆர்18 ஆக்கினா 828. உயரம் கூடறது நாலு சென்டிமீட்டர்தான், ஆனா அகலம் மூணு சென்டிமீட்டர் கூடுது. எடையும் கூடுது. எவ்வளவுன்னு டயரையும் ரிம்மையும் தராசுல வெச்சுத்தான் சொல்ல முடியும். நம்ம கணக்குக்குப் பழசு 30 கிலோ, புதுசு 42 கிலோன்னு வெச்சுக்குவோம். 40 சதவீதம் அதிகம்.

இப்போ ட்விஸ்ட். புது டயர் அகலமா இருக்கிறதால கதவுலயோ பம்பர்லயோ இடிக்கும். அதனால ஸ்டெப்னி பிராக்கெட்டைக் கொஞ்சம் வெளியே தள்ளி மாட்டுவாங்க. முன்னாடி கதவுத் தகட்டுல இருந்து 20 சென்டிமீட்டர் தள்ளியிருந்த எடை, இப்போ 25 சென்டிமீட்டர்ல தொங்குதுன்னு வைங்க. 30 கிலோவை 20-ஆல பெருக்கினா 600. 42-ஐ 25-ஆல பெருக்கினா 1050. எடை கூடினது 40 சதவீதம், ஆனா தகட்டை வளைக்கிற விசை கூடினது 75 சதவீதம்!

கதவைத் திறந்தா இன்னொரு கதை. மூடியிருக்கும்போது லாக்கும் கொஞ்சம் பாரத்தைத் தாங்கும். திறந்துட்டா எல்லாமே ரெண்டு கீல் மேலதான். கீல்ல இருந்து சக்கரத்தோட நடு 60 சென்டிமீட்டர், ரெண்டு கீலுக்கும் நடுவுல 40 சென்டிமீட்டர் இடைவெளின்னு வெச்சா, சக்கரத்தால மட்டும் மேல் கீலைப் பிடுங்குற விசை 45 கிலோவுல இருந்து 63 கிலோ ஆகுது. கீழ் கீலை அதே அளவு அமுக்குது. பள்ளத்துல வண்டி குதிக்கும்போது இந்த எண்ணெல்லாம் சில மடங்கு எகிறும். கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்போமே, அதே வேலையைத்தான் ரோடு உங்க கதவுக்குச் செய்யுது. முதல் நாள் ஒண்ணும் தெரியாது. ஆறாயிரமாவது பள்ளத்துல தெரியும்.

'நல்ல தகடா வெச்சு அடிச்சிரலாம்ணே!'

பட்டறையில சொல்ற முதல் வைத்தியம் இது. கேக்க நியாயமாத்தான் இருக்கும். தகட்டோட தடிமனை ரெண்டு மடங்காக்கினா, வளையாம நிக்கிற விறைப்பு எட்டு மடங்காகும். அப்புறம் என்ன பிரச்னை?

பிரச்னை பட்டையோட ஓரத்துல. கதவோட வெளித்தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதுல நாலு மில்லிமீட்டர் பட்டையை வெல்டு பண்ணா, பட்டை இருக்கிற இடம் பாறை மாதிரி நிக்கும். பட்டை முடியிற இடத்துல மெல்லிசு தகடு திடீர்னு ஆரம்பிக்குது. வளையிற வேலை முழுக்க அந்தக் கோட்டுலதான் நடக்கும். விரிசல் காணாமப் போகாது பாஸ், வீடு மாறிப் போகும்! போதாக்குறைக்கு, வெல்டிங் சூட்டுல துத்தநாகப் பூச்சு எரிஞ்சு போய், மழைக்காலத்துல அதே கோட்டுல துருவும் ஆரம்பிக்கும்.

அதனால கேக்க வேண்டிய கேள்வி 'எவ்வளவு தடிமன் தகடு?' இல்ல. 'பாரம் எந்த வழியா போகுது?' ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் கிளாஸ்ல நாம தூங்கின விஷயம்தான் இது. சக்கரம், பிராக்கெட், கதவுத் தகடு, கீல், பாடி தூண், சேஸி. இந்தச் சங்கிலியில எது மெல்லிசோ, அது முதல்ல அறும். இங்க மெல்லிசு கதவுத் தகடு.

சரியான வைத்தியம் எது?

தகட்டைக் குண்டாக்கறது இல்ல, தகட்டைச் சங்கிலியில இருந்தே கழட்டி விடறது. ரேங்க்லர் ஓனர்கள் அமெரிக்காவுல செய்யறது இதுதான். கம்பெனி கீலை எடுத்துட்டுத் தடிமனான கீல் போட்டு, ஸ்டெப்னி பிராக்கெட்டை நேரா அந்தக் கீல்லயே போல்ட் பண்றாங்க. பாரம் பிராக்கெட்ல இருந்து கீல், கீல்ல இருந்து தூண்னு போயிடுது. கதவு சும்மா கூட வருது.

அதுக்கும் அடுத்த ஸ்டெப், பின் பம்பர்ல தனிக் கை வெச்சு ஸ்டெப்னியை அதுல மாட்டறது. பாரம் நேரா சேஸிக்குப் போகும். ஆனா டிக்கியைத் திறக்க முதல்ல அந்தக் கையைத் திறக்கணும், வண்டியோட நீளமும் கூடும்.

எதைச் செஞ்சாலும் மறக்கக் கூடாத ஒரு குட்டி அயிட்டம், ரப்பர் ஸ்டாப்பர். டயர் அதுல அழுத்தி உட்காரணும். நடுவுல இடைவெளி இருந்தா ஒவ்வொரு குலுக்கலுக்கும் சக்கரம் சுத்தியல் மாதிரி கதவை அடிக்கும்.

வெல்டிங்கேதான் வேணும்னா, பேட்டரி வயரைக் கழட்டிட்டு ஆரம்பிங்க. இல்லேன்னா எலெக்ட்ரானிக்ஸ் அவுட் ஆகலாம். பட்டையோட மூலைகளை வட்டமா வெட்டணும். கதவு என்ன உலோகம்னும் பார்க்கணும். 2018 மாடலா வந்த ரேங்க்லர் ஜே.எல்.-லோட பின்கதவுல மெக்னீசியம் இருக்கு. அதுல சாதா வெல்டிங் ராடை வெச்சா கதை கந்தல்!

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அசல் விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியா சொல்லிடுச்சு. அதனால டயர் சைஸோ பம்பரோ, ஆர்.டி.ஓ. ஆபீஸ்லயும் இன்ஷூரன்ஸ்லயும் கேட்டுட்டுக் கை வைங்க. நம்பர் பிளேட், பிரேக் லைட் ரெண்டையும் டயர் மறைக்கவே கூடாது.

காசில்லாத டெஸ்ட்

வண்டியைச் சமதளத்துல நிறுத்துங்க. பின்கதவைப் பாதி திறந்து, கைப்பிடிப் பக்க ஓரத்தை மேல தூக்கிப் பாருங்க. கீல்ல ஆட்டம் தெரியுதா? கீல் போல்ட்டைச் சுத்தி பெயின்ட்ல தலைமுடி மாதிரி கோடு இருக்கா? மூடும்போது கதவைக் கொஞ்சம் தூக்கினாத்தான் லாக் விழுதா? மூணுல ஒண்ணுக்கு 'ஆமா'ன்னா, இன்னிக்கே ஸ்டெப்னியைக் கழட்டி உள்ள படுக்க வெச்சு, பெல்ட் போட்டுக் கட்டிடுங்க. அழகு கம்மிதான், பரவாயில்ல.

'பழைய சின்ன ஸ்டெப்னியையே தொங்க விட்டுக்கறேன்'னு சொல்றவங்களுக்கு ஒரு வார்த்தை. பஞ்சர் கடை வரைக்கும் மெதுவா போக அது ஓ.கே. ஆனா சைஸ் வேற வேறயா இருக்கும்போது ஃபோர் வீல் டிரைவ் போட்டா கியர் செட்டே முறுக்கிக்கும்.

இவ்வளவு பேசறது ஒரு கதவுக்காகவானு கேக்கலாம். கதவு போனா வேற கதவு வாங்கலாம் மக்களே. ஆனா பைபாஸ்ல உங்க வண்டிக்குப் பத்தடி பின்னாடி ஒரு பைக் வரும். நாப்பது கிலோ சக்கரம் கழண்டு விழுந்தா, முதல்ல அதைச் சந்திக்கப் போறது அந்த பைக்ல வர்றவர்தான். டயர் கடைக்குப் போறதுக்கு முன்னாடி அவரையும் கணக்குல சேர்த்துக்கங்க.

அடுத்த வாரம் வேற மெஷினோட வர்றேன். வர்ட்டா?