சொல்லோடு துறையும் வரட்டும்!

என் ஊர் காரியாபட்டி. சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு ஆலைகளுக்கு வேலைக்குச் செல்வோரைப் பார்த்து வளர்ந்தவன் நான். அவர்களிடம் 'பியூஸ்' என்றால் 'திரி' என்பார்கள். நம் இயற்பியல் நூலோ 'உருகி' என்கிறது. ஆங்கிலத்தில் சொல் ஒன்று. தமிழில் இடத்திற்கேற்பச் சொல் இரண்டு. இதில் என்ன வியப்பு என்று கேட்கலாம். வியப்பு இல்லை, ஆபத்து உண்டு.

1916-இல் சேலத்தில் ராஜாஜி முதலியோர் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் கண்ட நாள் தொட்டு, அறிஞர்கள் துறைதோறும் கலைச்சொற்களைத் திரட்டி வந்தனர். அவற்றுள் பல நூலக அலமாரிகளில் உறங்கின. பின்னர், 2001-இல் தோன்றிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம் (இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம்) தொகுத்த கலைச்சொற்கள், 2004-இல் தொடங்கிய தமிழ் விக்சனரிக்கு வழங்கப்பட்டன. தானியங்கி நிரல் பட்டியலை வரிவரியாகப் படித்து, சொல்லுக்கொரு பக்கம் அமைத்தது. கைகளால் செய்தால் ஆண்டுக்கணக்கில் ஆகும் பணி! அலமாரிச் செல்வம் அனைவர் செல்வமாயிற்று.

ஆனால், இத்தகைய பணியில் ஒன்றை மறத்தலாகாது. கலைச்சொல் பட்டியலுக்கு மூன்று கட்டங்கள் வேண்டும்: ஆங்கிலச் சொல், தமிழ்ச் சொல், துறை. விக்கிக்கு மாற்றும்போது மூன்றாவதை விட்டுவிட்டால் என்னாகும்? திரியும் உருகியும் ஒரே வரிசையில் நிற்கும். 'செல்' என்று தேடுபவன் முன் உயிரணுவும் மின்கலமும் அடையாளமின்றி வந்து நிற்கும். வெடிபொருள் பாதுகாப்பு விதியைத் தமிழாக்குபவர் எதை எடுப்பார்? தேர்வில் சொல் பிழைத்தால் மதிப்பெண் போகும். மருந்து அறையில் பிழைத்தால் உயிரே போகும்.

"எல்லாவற்றையும் கணிப்பொறி பார்த்துக்கொள்ளும்" என்பார் சிலர். கணிப்பொறி வரியைப் பெயர்த்து வைக்கும். நாம் எழுதாமல் விட்ட துறையை அது எங்கிருந்து கொண்டுவரும்? துறையறிந்த மனிதன் ஒருமுறை பார்த்தே தீர வேண்டும்.

அந்த மனிதர் யார்? நாம்தாம்! வேதியியல் மாணவர் வேதியியல் சொல்லையும், இயற்பியல் மாணவர் இயற்பியல் சொல்லையும் விடுமுறையில் பத்துப் பத்தாகச் சரிபார்க்கலாம். விக்கியில் திருத்தப் பட்டம் தேவையில்லை. சான்றும் பொறுமையும் போதும். ஆலைத் தொழிலாளர் நாவில் வழங்கும் சொற்களையும் கேட்டறிந்து, 'பட்டாசுத் தொழில்' என்ற குறிப்போடு சேர்க்கலாம். நம் பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால் இப்பணி இவ்வாண்டே தொடங்கும்.

திரியை உருகி என்று எழுதும் தமிழ், எங்கள் ஊர்த் தொழிலாளிக்கு உதவாத தமிழ். சொல்லைக் கொண்டு சேர்ப்போம். அதன் துறையையும் உடன் கொண்டு சேர்ப்போம்.