அட்டைப்பட ஓவியரும் ஓவியரே

கதைநூலின் அட்டைக்குப் படம் வரைபவரை ஓவியர் என ஒப்புக்கொள்ள நம்மில் பலர் தயங்குகின்றனர். கூலிக்கு வரைந்தது கலையாகுமா என்பது அவர்தம் வினா. இதற்கு விடையாக, மாயக்கதை ஓவியத்தில் புகழ்பெற்ற அமெரிக்கர் பிராங்க் பிரசெட்டாவை நாம் முன்னிறுத்த விரும்புகிறோம்.

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் 1928-இல் பிறந்த அவர், எட்டாம் வயதிலேயே ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். பின்னர் 'லில் ஆப்னர்' என்னும் படக்கதைத் தொடருக்குப் பல்லாண்டுகள் உழைத்தார். உழைப்பில் ஒரு பங்கு இவருடையது, பெயரோ ஆல் கேப்புடையது. 1966 முதல் ராபர்ட் ஹோவர்டின் 'கோனன்' கதைகள் மலிவுப் பதிப்பாக வந்தபோது, அவற்றின் அட்டைகளே அவருக்குப் பெயர் தேடித் தந்தன. அட்டைக்காகவே நூலை வாங்கியோரும் உண்டு.

அவர்தம் முறை எளிது போலத் தோன்றும். பென்சில் கோட்டின்மேல் நீர்த்த பழுப்பு எண்ணெய் வண்ணத்தை மெல்லிதாகப் பரப்பி நிழலை அமைப்பார். ஒளிபடும் இடங்களில் மட்டும் வண்ணம் கெட்டியாக ஏறும். முகமும் தோளும் வாளும் துலங்க, விளிம்பை நெருங்க நெருங்க யாவும் புகையெனக் கரையும். எஞ்சியதை நம் கண்ணே வரைந்துகொள்கிறது! எதிரே ஆளை நிறுத்தி வரைவதைவிட மனக்கண்ணையே அவர் பெரிதும் நம்பினார்.

அவர் தீட்டிய பெண்ணுருவங்களின் ஆடைக்குறைவு நமக்கு உடன்பாடன்று. அதை மறைத்துப் புகழ்வதும் நேர்மையாகாது. எனினும் அதனால் அவர் கைத்திறன் பொய்யாகிவிடுமா?

அந்நாளில் அட்டைக்கு வரைந்த மூல ஓவியம் பதிப்பகத்தாரிடமே தங்கிவிடுவது வழக்கம். பிரசெட்டா இதற்கு இசையவில்லை. அச்சிடும் உரிமை உங்களுக்கு, ஓவியம் எனக்கு என்பதே அவர் நிலை. துணைவியார் எல்லியும் இதில் உறுதியாக நின்றார். திரும்பிவந்த ஓவியங்களுள் சிலவற்றை அவர் மீண்டும் எடுத்துத் திருத்தினார் என்பதே நாம் வலியுறுத்த விரும்புவது. கூலிக்கு மட்டும் வரைந்தவர், கூலி கைக்கு வந்தபின் எதற்காகத் திருத்த வேண்டும்? 1969-இல் ஒரு திகில் இதழின் அட்டைக்காக அவர் தீட்டிய 'எகிப்திய அரசி', 2019-இல் 54 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. விலையைச் சான்றாகக் கொள்ள நாம் விழையவில்லை. அந்தத் திருத்தமே நமக்குப் போதிய சான்று.

முதுமையில் பக்கவாதம் அவர் வலக்கையை முடக்கியது. 2010-இல் மறைவதற்கு முன், இடக்கையால் வரையப் பழகிக்கொண்டார்.