‘லைன்’ என்றால் கோடு மட்டுமா?



‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் கேட்டால், ‘கோடு’ என்று நம் மாணவர்கள் உடனே விடை சொல்வர். அது பிழையன்று, ஆயினும் நிறைவான விடையும் அன்று. உரைநடையில் அது வரி, கவிதையில் அடி, நாடகத்தில் வசனம், கடை முகப்பில் மக்கள் நிற்கும் வரிசை, வீட்டின் பின்புறம் துணி உலர்த்தும் கொடி. கைப்பேசியில் ‘லைன் இல்லை’ என்றால் தொடர்பு கிட்டவில்லை என்பது பொருள்.

இச்சொல்லை நம் முன்னோர் ஏட்டில் கற்கவில்லை, அதனுள்ளேயே வாழ்ந்தனர். 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்ட பின், இம்மாநிலத்தில் தோட்டங்கள் பெருகின. அங்கே தொழிலாளர்க்கு வரிசையாகக் கட்டப்பட்ட குடியிருப்பு ‘லைன்’ எனப்பட்டது. தமிழர் நாவில் அது ‘லயம்’ ஆயிற்று. இசையின் லயத்திற்கும் இதற்கும் உறவில்லை. பால் வெட்டும் மரங்களின் வரிசையையோ அவர்கள் ‘நிரை’ என்னும் பழந்தமிழ்ச் சொல்லால் அழைத்தனர்.

ஆகவே, ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என மனனம் செய்விக்கும் சொற்பட்டியல் போதாது. சொல்லை வாக்கியத்தில் வைத்துக் கற்பிப்போம். ஜாசினிலும் அலோர் காஜாவிலும் வீடமைப்புப் பகுதிகளில் வளரும் பிள்ளைகளுக்கு ‘லயம்’ அந்நியச் சொல்லாகி வருகிறது. அதன் பொருளைத் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதிவரச் செய்வோம். அகராதி தராத பொருளை அவர்கள் தருவர். அவர்கள் இருக்கும்போதே கேட்டறிவோம்.